சொட்டு மருந்தும், கதே வீட்டுக்குப் போன பூனையும்

அக்கா பொண்ணுக்கு நாலு வயசு. கொஞ்ச நாளா படக்கதைப் புத்தகத்தைக் கிட்டக்க வச்சுப் பார்க்கும்போதெல்லாம் இடது கண்ணு மூக்குப் பக்கமா ஒதுங்கிப் போகுது. "மாறுகண்ணு அதிர்ஷ்டம்டி, விடு" என்று பாட்டி தீர்ப்பு சொல்லியாச்சு. மாமா கேட்கவில்லை. ஒரு கண்ணாடிக்கடையில கம்ப்யூட்டர் மெஷின் முன்னாடி உட்கார வச்சார். "பவர் ஒண்ணும் பெருசா இல்ல சார்" என்று சீட்டு வந்தது. அடுத்து கண் டாக்டர். அவர் அந்தச் சீட்டை ஓரமா வச்சுட்டு, அட்ரோபின் களிம்பு எழுதிக் கொடுத்து, மூணு நாள் போட்டுட்டு வாங்கன்னார். போட்டுட்டுப் போனா, ப்ளஸ் அஞ்சு!

ராத்திரி அக்கா போன்ல அழுகை. "அந்த மருந்தாலதான்டா பவர் ஏறிடுச்சு. கண்ணாடி வாங்கவே பயமா இருக்கு."

எனக்குப் பதில் தெரியலை. பொட்டி தட்டுறவனுக்குக் கண்ணைப் பத்தி என்ன தெரியும்? ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சேன். இது கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக் கதை.

பெல்லடோனான்னு ஒரு ஐரோப்பியச் செடி. இத்தாலிய மொழியில அழகான பெண்மணின்னு அர்த்தம். பாப்பா விரிஞ்சு கண்ணு பெருசாத் தெரியணும்னு பெண்கள் அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கிட்டதா சொல்வாங்க. நம்ம ஊர் ஊமத்தையில இருக்கிறதும் இதே வகை விஷம்தான். 1819ல ஜெர்மனியின் யெனா நகரத்துல ருங்கேன்னு ஒரு இளைஞர், ஒரு கண்ணில் மட்டும் இந்தச் சாறு விட்ட பூனையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மகாகவி கதேயைப் பார்க்கப் போனார். ஒரு கண்ணு விரிஞ்சும் ஒரு கண்ணு சுருங்கியும் இருந்த பூனையைப் பார்த்த கதே அசந்து போய், ஒரு பெட்டி காப்பிக்கொட்டையைக் கொடுத்து இதையும் ஆராய்ச்சி பண்ணுன்னார். ருங்கே அதிலிருந்து காஃபீனைப் பிரிச்சார். ஆபீஸ்ல காலையில என்னை எழுப்புற வஸ்து இந்தப் பூனை வழியா வந்ததுன்னு இப்பத்தான் தெரியும் :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். பூனை விஷயத்துல எல்லாரும் பார்த்தது பாப்பாவைத்தான். ஆனா அதுக்கு முன்னாடியே, 1811ல, லண்டன்ல வெல்ஸ்னு ஒரு டாக்டர் இன்னொண்ணைக் கவனிச்சிருந்தார். அவருக்கே ஐம்பது தாண்டி, கிட்டப்பார்வை சாளேசுரம் ஆகியிருந்தது. அதனால வயசு குறைஞ்ச இன்னொரு டாக்டரோட கண்ணில் சாற்றை விட்டுப் பார்த்தார். பாப்பா விரிஞ்சதோட, கிட்டத்துல இருக்கிறதைப் பார்க்கிற சக்தியும் போயிடுச்சு. கண்ணுக்குள்ள லென்ஸை உப்ப வைக்கிற தசையும் செயலிழந்து போகுது, அதான் விஷயம்.

இதை வச்சுக் கணக்குப் போட்டவர்தான் என்னோட ஹீரோ. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஊர் டோண்டர்ஸ். குட்டையான கண்ணில் பிம்பம் விழித்திரைக்குப் பின்னாடி போய் விழப் பார்க்கும். அதுதான் ப்ளஸ் பவர். குழந்தைக்கோ தசை பலமானது, லென்ஸ் மெத்துன்னு இருக்கும். நாள் முழுக்க லென்ஸை உப்பி உப்பிக் குறையை அதுவே சரிக்கட்டிடும். பேக்கிரவுண்டுல ஒரு ப்ரோக்ராம் சத்தமில்லாம தப்பைத் திருத்திக்கிட்டே இருந்தா லாக்ல எரர் எப்படி வரும்? அதை நிறுத்திட்டுப் பார்த்தாத்தானே தெரியும். டோண்டர்ஸ் அட்ரோபின் விட்டு அந்தத் தசையை நிறுத்தினார். அதுவரைக்கும் ஒளிஞ்சிருந்த பவர் முழுசா வெளியே வந்தது.

அதோட விடலை. தசையை முடுக்கினா ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்புறது இயற்கை. எப்பவும் முடுக்கிக்கிட்டே இருக்கிற குழந்தைக்கு? ஒரு கண்ணு உள்ளே போய்த் தங்கிடுது. உள்பக்க மாறுகண் பலதுக்குக் காரணம் இந்தத் தூரப்பார்வைதான்னு சொன்னவர் அவர். 1864ல லண்டன்ல வெளிவந்த அவர் புத்தகத்துல எல்லாம் இருக்கு. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது.

மிச்சம் இருந்தது, எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தையை எப்படி அளக்கிறதுன்னு. 1873ல கூனியேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் வழி காட்டினார். கண்ணாடியால ஒளியைக் கண்ணுக்குள்ள அடிச்சு, நிழல் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்க்கிறது. குழந்தை வாயே திறக்க வேண்டாம். அட்ரோபினோட வீரியம் ரெண்டு வாரம் வரை இழுக்கும். 1950களில் வந்த சைக்ளோபென்டோலேட் சொட்டு ஒரு நாள்ல அடங்கிடும். ஆனா சின்னக் குழந்தை, மாறுகண்ணு, நம்ம ஊர்க் கறுப்புக் கண்ணு என்றால் பல டாக்டர்கள் இன்னும் பழைய அட்ரோபினைத்தான் நம்புறாங்க. விஷம்தானே, முகம் சிவந்து காய்ச்சல் மாதிரி வந்தா நிறுத்திட்டு போன் பண்ணுங்கன்னு அக்காகிட்டயும் சொல்லித்தான் கொடுத்திருக்கார்.

இவ்வளவையும் அக்காவுக்குப் போன்ல முக்கால் மணி நேரம் சொன்னேன். பூனைக் கதை வரைக்கும் கேட்டா. அப்புறம் ஒரே கேள்வி: "அப்ப பவர் முன்னாடியே இருந்துச்சா? அவ மூணு வருஷமா அதைத் தூக்கிக்கிட்டா திரிஞ்சா?" ஆமாக்கா.

மறுநாளே கண்ணாடி வாங்கிட்டாங்க. தசை மறுபடி முழிச்சுக்கிறதுக்குள்ள போட்டுப் பழகட்டும்னு டாக்டரும் சொன்னாராம். சிவப்பு ஃப்ரேம். ஞாயித்துக்கிழமை போட்டோ அனுப்பினா. கண்ணாடியோட ரெண்டு கண்ணும் நேரா இருக்கு. கழட்டினா இடது கண்ணு பழையபடி உள்ளே போயிடுதாம். ஆறு வாரம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்கார்.