நம்பிக்கையும் மொழிக்கல்வியும்: ஓரிக்கை முதல் தரங்கம்பாடி வரை

காஞ்சி மாநகரின் தென்புறத்தே அமைந்த ஓரிக்கை, பட்டுத்தறிகளின் ஒலி கேட்கும் ஊராகும். இவ்வூர்ப் பெயருக்கு வைணவ மரபு ஒரு வரலாறு கூறும். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன், பல்லவ மன்னனைப் புகழ்ந்து பாட மறுத்தமையால் நாடு கடத்தப்பட்டார். அவருடன் ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் தமிழ்ப் பாட்டால் வேண்டவே, திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிருக்கை' எனப்பட்டு, நாளடைவில் ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் மனம் வருந்தி அழைக்க, ஆழ்வார் மீண்டும் வேண்ட, பெருமாள் திரும்பி வந்து 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்னும் பெயர் பெற்றார்.

இதனை நடந்த நிகழ்ச்சியென நிறுவ நாம் முற்படவில்லை. ஆயின் இதனைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மக்களின் நம்பிக்கை வரலாற்று உண்மையாகும். இறைவன் தமிழைச் செவிமடுப்பவர் மட்டுமல்லர், தமிழுக்கு இசைந்து நடப்பவர் என்பதே அந்நம்பிக்கை. பல மொழிகள் வழங்கும் சூழலில் வாழ்வோர், ஒரு மொழியைப் பற்றி எதை நம்புகின்றனரோ அதற்கேற்பவே அதனைக் கற்கின்றனர். எவரிடம் கற்பது, எதைக் கற்பது, எந்த அளவோடு நிறுத்துவது என்பனவற்றையெல்லாம் அந்நம்பிக்கையே வகுக்கின்றது. இவ்வுண்மையைக் காஞ்சியின் வரலாற்றிலும், நம் திருச்சபையின் வரலாற்றிலும் காண்பது பயனுடையதாகும்.

1. இரு மொழிகள், இரு பணிகள்

பல்லவர் காலத்துக் காஞ்சி வடமொழிக் கல்விக்குப் பெயர் பெற்றது. பின்னாளில் கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், இங்கிருந்த கடிகைக்குக் கல்வி பெற வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகின்றது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதில் மன்னர் குலத்தின் புகழ் வடமொழியிலும், நிலக்கொடை பற்றிய செய்தி தமிழிலும் உள்ளன. புகழுக்கு ஒரு மொழி, வயலுக்கும் வரப்புக்கும் ஒரு மொழி என்னும் பகுப்பை இங்குக் காண்கிறோம்.

இப்பகுப்பு கற்கும் முறையையும் பாதித்தது. வேதத்தின் ஒலியே புனிதமானது என்று நம்பியோர், பதம், கிரமம், சடை, கனம் எனச் சொற்களைப் பலவாறு மாற்றி ஓதி, ஓரெழுத்தும் பிறழாமல் மனத்தில் பதித்தனர். பொருள் அறிதல் அதன்பின் வந்தது. வியத்தகு நினைவாற்றலை வளர்த்த இந்நம்பிக்கையே, பிறப்பின் அடிப்படையில் பெரும்பாலோரை அக்கல்விக்குப் புறத்தே நிறுத்தியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

2. இரு மொழிகள், ஒரு மறை

இந்நிலைக்கு மாறாக எழுந்தது 'உபய வேதாந்தம்' என்னும் கொள்கை. வடமொழி வேதமும் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரமும் ஒருங்கே மறைகள் என்பது அதன் சாரம். காஞ்சியில் பயின்ற இராமாநுசர் தம் நூல்களை வடமொழியிலேயே இயற்றினார். ஆயின் அவருடைய சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு 'ஆறாயிரப்படி' என்னும் உரையை, இரு மொழியும் விரவிய மணிப்பிரவாள நடையில் எழுதினார். 1268இல் காஞ்சியைச் சார்ந்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், வடமொழி, பிராகிருதம், தமிழ், மணிப்பிரவாளம் ஆகிய நான்கிலும் எழுதினார்.

இரு மொழியும் மறைமொழி என நம்பியவர்க்கு ஒன்றை மட்டும் கற்பது குறைக் கல்வியாயிற்று. ஆகவே ஆசிரியரின் அடியமர்ந்து மூலத்தையும் உரையையும் சேர்த்துக் கேட்கும் முறை வளர்ந்தது. மணிப்பிரவாளம் மொழியறிவுக் குறைவால் வந்த கலப்பன்று. ஒரு நம்பிக்கையின் நடை வடிவம். எனினும் நாளடைவில் எம்மொழிக்கு முதன்மை என்பது வடகலை, தென்கலை வேறுபாட்டில் ஒரு கூறாயிற்று. காஞ்சி வரதராசர் கோயிலில் ஓதும் உரிமை பற்றிய பூசல் நீதிமன்றம்வரை சென்றது.

3. தறியடியில் கற்ற மொழி

கோயில் வீதியை விட்டு நெசவாளர் தெருவுக்கு வருவோமாயின் வேறொரு நிலையைக் காண்கிறோம். காஞ்சி வட்டார நெசவாளருள் தமிழ் பேசுவோருடன், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராட்டிரமோ பேசுவோரும் உளர். அவர்கள் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசி வளர்கின்றனர். கோர்வைச் சேலை நெய்யும்போது நாடா எறியும் துணையாளிடம் பேசும் மொழியை எவரும் இலக்கணம் வைத்துக் கற்பித்ததில்லை. பாவும் ஊடையும் தமிழ்ச் சொற்கள்; ஜரிகை பாரசீகத்திலிருந்து வந்த சொல். இவ்விரண்டும் ஒரே தறியில் பிணக்கின்றி வழங்குகின்றன.

மொழி வாழ்வதற்கு உரியது, பிழையாகப் பேசினும் புரிந்தால் போதும் என்பதே இங்குள்ள நம்பிக்கை. ஆதலின் அச்சமின்றி விரைவில் கற்கின்றனர். ஆனால் வீட்டு மொழி எழுதத்தக்கதன்று என்று அவர்களே கருதும்போது, அது பிள்ளைகளின் நாவில் தேய்ந்துபோகின்றது.

4. தரங்கம்பாடியின் மணற்பரப்பு

1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, எழுத்துப் பயிலும் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துக்களை எழுதிக் கற்றார். கல்வி கற்ற ஐரோப்பிய குருவானவர் ஒருவர் இவ்வாறு அமர்ந்ததற்குக் காரணம் அவருடைய நம்பிக்கையே. ஒவ்வோர் ஆத்துமாவும் இறைவார்த்தையைத் தன் தாய்மொழியில் தானே வாசித்தல் வேண்டும் என்று ஆலே நகரத்துப் பக்தி இயக்கம் அவருக்குக் கற்பித்திருந்தது. அதன் பயனாக 1711இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு முடிவுற்று, 1715க்குள் அச்சேறியது.

ஆயின் அவருக்குத் துணைநின்ற அழகப்பனை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். போர்த்துக்கீசியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அறிந்த இத்தமிழர், பிழைப்பிற்காக அவற்றைக் கற்றவர். நெசவாளரின் மொழியறிவு போன்றது அவருடைய அறிவு. திருமறைக்காகத் தமிழ் கற்ற குருவானவர், வாழ்வுக்காகப் பன்மொழி கற்ற ஒருவரின் நாவின்றி முதலடி வைத்திருக்க இயலாது.

நம்பிக்கை வாயிலைத் திறப்பது போலவே எல்லையையும் இடும். தமிழ் நூல்களை ஆர்வத்துடன் திரட்டிய சீகன்பால்கு, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதி அனுப்பினார். அருட்பணியாளரின் வேலை பிற சமயத்தை அகற்றுவதே என்று எண்ணிய ஆலே தலைவர்கள் அதனை அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. மக்களிடம் பேசுவதற்கு மொழி வேண்டும், அவர்கள் பேசுவதைக் கேட்பதற்கு அத்துணை வேண்டியதில்லை என்பதே அவர்களுடைய உள்ளார்ந்த எண்ணம் எனலாம்.

5. நமக்குரிய வினா

பெந்தெகொஸ்தே நாளில் கூடிவந்தோர் அனைவரும் ஒரே மொழிக்கு மாறவில்லை. அவரவர் பிறந்த மொழியிலேயே இறைவனின் மகத்துவங்களைக் கேட்டனர் என்று திருமறை சாற்றுகின்றது. இந்நிகழ்ச்சியை நம்பும் நாம் மொழிகளை எவ்வாறு கற்கிறோம்? எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, குருத்துவ அபிஷேகத்துக்குப் பின் அந்நூல்களைத் திறவாதிருப்போமாயின், ஒலி மட்டும் போதும் என்று நாமும் நம்புகிறோம் என்பதே பொருள். ஆங்கிலத்தை உயர்வுக்குரிய ஏணியாக மட்டும் கற்போமாயின், மேலே ஏறியபின் கீழிருப்போரின் பேச்சு நம் செவிக்கு எட்டாது. பழைய திருப்புதல் தமிழே தூயது என்று பிடிவாதம் கொள்வோமாயின், மணலில் அமர்ந்தவரின் மரபை நாம் இழந்துவிடுவோம்.

நெசவாளர் தெருவில் ஊழியம் செய்யும் ஆயர் ஒருவர், அங்குள்ள பாட்டியிடம் அவருடைய வீட்டு மொழியில் பத்துச் சொற்களேனும் கேட்டுக் கற்பாராயின், அது பெரும் புலமை ஆகாது. ஆயினும் அப்பத்துச் சொற்கள், 'உம் பேச்சும் இறைவனின் செவிக்கு உரியது' என்னும் அறிக்கையாக அமையும். ஓரிக்கையின் பழங்கதையும் தன் வழியில் இதையே உணர்த்துகின்றது. நாம் போதிக்கும் மொழியைத் திருத்திக்கொள்ளுமுன், மொழியைப் பற்றி நாம் கொண்டுள்ள நம்பிக்கையை இறைவார்த்தையின் ஒளியில் ஆராய்ந்து பார்ப்பது நம் கடனாகும்.