ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்

அடைத்து வைத்தவரிடமே அடைபட்டவருக்குப் பரிவும் பாசமும் உண்டாவதைக் குறிக்கும் பெயர். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகர வங்கி ஒன்றில் துப்பாக்கியோடு நுழைந்த கொள்ளையன் நான்கு ஊழியர்களைப் பிணையாகப் பிடித்தான். ஆறாம் நாள்தான் மீட்டார்கள். போலீசுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பெயரூட், வங்கி இருந்த சதுக்கத்தின் பெயரையே இதற்குச் சூட்டினார். வெளிநாட்டார் வாயில் அது ஊர்ப்பெயராயிற்று. பிணையிலிருந்த பெண் ஒருவர் பிரதமர் ஒலோஃப் பால்மேவுக்கே போன் போட்டு, கொள்ளையனோடு எங்களை வெளியே போக விடுங்கள் என்று மன்றாடினார். போலீஸ் உள்ளே புகுந்தால் தாங்களும் சாவோம் என்பது அவர் பயம். உயிர் பிழைக்க ஒருத்தி போட்ட கணக்கை நோய் என்பது அநியாயம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை.

கடத்தியவனையே நாயகி காதலிக்கும் கதைகளுக்கெல்லாம் இப்போது இந்த முத்திரைதான். பிரெஞ்சு மொழியில் 1756-இல் வெளிவந்த ‘அழகியும் மிருகமும்’ கதைக்கும் இதையே குத்துகிறார்கள். அதில் மிருகம் இரவுதோறும் ‘என்னை மணப்பாயா?’ என்று கேட்கிறது. அவள் மறுத்தால் வற்புறுத்துவதில்லை. வீட்டுக்குப் போகவும் விடுகிறது. அவள் தானாகத் திரும்பி வந்தபின் சொல்லும் சம்மதத்தை நான் நம்புகிறேன். ஆனால் முதல்முறை அவள் அங்கே வந்தது தகப்பன் உயிருக்கு ஈடாக. அதைச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.