வாடகை அக்ரிமென்டில் இன்னொருவர் பெயரைச் சேர்ப்பது எப்படி? கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

வீட்டை வாடகைக்கு எடுத்தது ஒருவர். சில மாதம் கழித்து நண்பர் ஒருவர் வந்து சேர்கிறார். வாடகையில் பாதி, அட்வான்ஸில் பாதி அவரும் தருகிறார். ஆனால் அக்ரிமென்டில் அவர் பெயர் இல்லை. முதல் நபர் காலி செய்யும்போது ஓனர் மொத்த அட்வான்ஸையும் அவரிடமே கொடுப்பார். கூட இருந்தவர் ஓனரிடம் உரிமை கோர கையில் ஆவணம் இருக்காது.

யார் பெயரைச் சேர்க்க வேண்டும்?

மனைவி, பிள்ளைகள், பெற்றோர் உடன் தங்குவது பொதுவாக உள்வாடகை ஆகாது. ஆனால் வெளி ஆளுக்கு அறையை ஒதுக்கி வாடகை வாங்கினால் சிக்கல்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, உள்வாடகைக்கு விட ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் முன்கூட்டியே வேண்டும். சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஒரு பகுதியையோ வேறொருவர் வசம் விட்டால், அதுவே காலி செய்யச் சொல்லும் காரணமாகலாம்.

ஓனர் வாயால 'சரி'ன்னு சொன்னா போதுமா?

போதாது. நாளை வேறு மாதிரி பேசினால் நிரூபிப்பது கஷ்டம். பழைய அக்ரிமென்டில் பேனாவால் பெயரை எழுதிச் சேர்ப்பதும் சரியான வழி அல்ல. இரண்டு வழிகள் உள்ளன:

1. துணை ஒப்பந்தம்: பழைய அக்ரிமென்ட் தொடரும். புதியவரைச் சேர்ப்பதை மட்டும் முத்திரைத்தாளில் எழுதி ஓனர், பழைய வாடகைதாரர், புதியவர் மூவரும் சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும்.

2. புதிய ஒப்பந்தம்: காலம் முடியப் போகிறது, வாடகையும் மாறுகிறது என்றால் இதுவே எளிது.

எதை எழுத வேண்டும்?

* பழைய ஒப்பந்தத்தின் தேதி, பதிவு எண்
* புதியவர் எந்தத் தேதியிலிருந்து வாடகைதாரர்
* வாடகை மாறுகிறதா, இல்லையா
* அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு
* அதற்கு முந்தைய வாடகை, மின் கட்டண பாக்கி யார் பொறுப்பு
* ஒருவர் மட்டும் காலி செய்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அவர் பங்கை யார் தருவது

முதல் ஒப்பந்தம் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகியிருந்தால், மாற்றத்தையும் அங்கே தெரிவிப்பது பாதுகாப்பு. காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கொடுத்திருந்தால் அதையும் புதுப்பிக்கலாம்.

பெயர் சேர்ந்தால் பொறுப்பும் சேரும்

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாத வாடகை 18,000 ரூபாய், இருவரும் தலா 9,000 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தராமல் போனால், மற்றவரிடமே முழு 18,000 ரூபாயையும் ஓனர் கேட்க முடியும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவு சொல்வது இதுதான். கட்டியவர் பிறகு நண்பரிடம் அவர் பங்கை வசூலிக்கலாம். இது வேண்டாம் என்றால், 'அவரவர் பங்குக்கு அவரவரே பொறுப்பு' என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அதற்கு ஓனரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கேட்பவர்களுக்கும் பெயர் இருப்பது உதவும். அவரவர் உண்மையில் கட்டும் பங்குக்கு மட்டுமே விலக்கு கேட்கலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, ரசீதும் வாங்கி வைப்பது நல்லது.

கையெழுத்தானதும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் புதியவர் குடிவரும்போதே முடித்துவிட்டால், யாராவது கிளம்பும்போது சண்டை வராது.