யார் காண்கிறார்? ஒரு தொலைக்காட்சிக் கதையும் எடுத்துரைப்பியலும்

1960 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘தி ட்விலைட் சோன்’ தொடரின் ‘ஐ ஆஃப் தி பிஹோல்டர்’ கதை ஒளிபரப்பானது. எழுதியவர் ராட் செர்லிங்; இயக்கியவர் டக்ளஸ் ஹேய்ஸ். முகம் முழுவதும் கட்டிடப்பட்ட ஜானெட் டைலருக்கு அரசு அனுமதிக்கும் இறுதிச் சிகிச்சை, பதினொன்றாவது, முடிந்திருக்கிறது. கட்டு அவிழ்கிறது, அழகிய முகம். சிகிச்சை தோற்றது என்கிறார் மருத்துவர். அப்போதுதான் மற்றவர்களின் பன்றிமூக்கு முகங்கள் புலப்படுகின்றன.

இதை வெறும் இறுதித் திருப்பமாகக் கொள்வது போதாது. ‘யார் பேசுகிறார்’, ‘யார் காண்கிறார்’ என்னும் வினாக்களை 1972இல் ஜெரார் ஜெனெத் வேறுபடுத்தினார். திரையின் இருளை ஜானெட்டின் இருளாகவே பார்வையாளர் கொள்கிறார். உண்மையில் கேமரா அவளுக்கு வெளியே நிற்கிறது. மருத்துவரையும் செவிலியரையும் நிழலிலும் முதுகுப்புறமாகவும் காட்டுகிறது. அம்முகங்களைக் கதைமாந்தர் அனைவரும் அறிவர், ஜானெட் உட்பட. அறியாதவர் பார்வையாளர் மட்டுமே. தர வேண்டிய தகவலை இவ்வாறு தராமல் விடுவதையே ஜெனெத் ‘பாராலிப்சிஸ்’ என்றார். (கட்டுக்குள் இருந்தவர் மாக்சின் ஸ்டூவர்ட், கட்டு அவிழ்ந்தபின் தோன்றியவர் டானா டக்ளஸ். கோட்பாட்டாளர் இதைவிடப் பொருத்தமான நடிகர் தேர்வைக் கேட்டிருக்க முடியாது.)

ஒரே நெறியைப் போற்றித் திரையில் முழங்கும் தலைவரின் உரையைவிட, செர்லிங்கின் அரசியல் இவ்விடுபாட்டில்தான் கூர்மை பெறுகிறது. ஜானெட் விகாரமானவள் என்னும் அந்த அரசின் தீர்ப்பை, முகத்தைக் காணாமலே, கட்டு அவிழும்வரை பார்வையாளரும் ஏற்றிருந்தார்.