அந்நியன் யார்? ஸ்பானியச் சொற்கள் சொல்லும் வரலாறு

ஸ்பானிய மொழி படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் 'அந்நிய' என்ற சொல்லை அகராதியில் தேடினால் நாலைந்து சொற்கள் வந்து நிற்கும். கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு.

ஊர் எல்லையைத் தாண்டி வந்தவன் 'ஃபொராஸ்தேரோ'. நம் பேச்சில் அசலூர்க்காரன். நாட்டு எல்லையைத் தாண்டி வந்தவன் 'எக்ஸ்த்ரான்ஹேரோ'. தமிழ்நாட்டை விட்டு இங்கே வந்து பிழைக்கிற நாம் முதல் வகை. துபாய் போன பிள்ளை இரண்டாம் வகை. "வெளிநாட்டில் இருக்கிறான்" என்பதற்கு 'என் எல் எக்ஸ்த்ரான்ஹேரோ' என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்நிய வாணிபம் என்னும்போது 'கொமேர்சியோ எக்ஸ்தேரியோர்', அதாவது வெளி வாணிபம்.

வியாபாரியான எனக்கு ருசிப்பது இந்தச் சொல்லின் சட்ட வரலாறுதான். 1503இல் செவில்லா நகரில் அமைந்த வாணிப மன்றம் அமெரிக்கக் கப்பல் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தியது. எக்ஸ்த்ரான்ஹேரோவுக்கு அதில் இடமில்லை. உள்நாட்டான் என்று ஏற்கப்பட வேண்டுமானால், 1608ஆம் ஆண்டு விதிப்படி, 20 ஆண்டுகள் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். அதில் 10 ஆண்டுகள் சொந்த வீடும் நிலபுலனும் வேண்டும். உள்நாட்டுப் பெண்ணைக் கட்டியிருக்கவும் வேண்டும்! சும்மா இருப்பார்களா வெளிநாட்டு வணிகர்கள்? உள்ளூர்க்காரன் பெயரில் சரக்கு ஏற்றினார்கள். நம்ம ஊர் பினாமிதான், வேறென்ன!

இன்னொரு சொல் 'உல்த்ராமார்', கடலுக்கு அப்பால். கியூபாவும் பிலிப்பைன்ஸும் எத்தனை தூரத்தில் இருந்தாலும் ஸ்பெயின் அரசுக்கு அவை வெளிநாடு அல்ல, தன் உடைமை. அவற்றை ஆள 1863இல் இப்பெயரிலேயே ஓர் அமைச்சகம் வைத்தார்கள். 1898 போரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிடம் தோற்று அந்தத் தீவுகள் கைவிட்டுப் போயின. மறு ஆண்டே அமைச்சகமும் மூடப்பட்டது. ஒரு போரில் உல்த்ராமார், எக்ஸ்த்ரான்ஹேரோ ஆகிவிட்டது பாருங்கள்.

'எக்ஸ்த்ரான்யோ' என்ற சொல்லில்தான் பிள்ளைகள் இடறுவார்கள். வெளியாள் என்று பொருள்படும் லத்தீன் மூலத்திலிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் 'விசித்திரமான' என்றே பொருள். நம் 'பரதேசி'க்கு நேர்ந்ததும் இதுதானே? பிறதேசத்தான் என்ற நல்ல சொல், பிச்சைக்காரன் என்று தேய்ந்து போனது.

இதிலிருந்து பிறந்த வினை 'எக்ஸ்த்ரான்யார்'. அதன் பழைய பொருள் நாடு கடத்துதல். 1767இல் மூன்றாம் கார்லோஸ் மன்னன் ஏசு சபைப் பாதிரிமாரை வெளியேற்றிய ஆணையிலும் இதே சொல்வழிதான். அமெரிக்காவில் இருந்த பாதிரிமாரையும் விடவில்லை. பிறந்த மண்ணைவிட்டுக் கப்பலேறியவர்கள் அவர்களில் பலர். அதே வினையை இன்று மெக்சிகோவில், அர்ஜென்டினாவில் ஒரு தாய் தூரத்து மகனிடம் சொல்கிறாள்: 'தே எக்ஸ்த்ரான்யோ'. நீ இல்லாமல் எனக்கு ஏக்கமாயிருக்கிறது என்று அர்த்தம்.