புதுக்கோட்டைப் பாறைகளும் குத்தகை விதிகளும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். தொண்டைமான் மன்னர்களைப் பற்றியோ, சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதுவார் பலர் உளர். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்மட்டி பிடித்து நின்ற பாறையைப் பற்றியும், அப்பாறையை அரசு எவருக்கு, எந்த விதியின் கீழ் அளித்தது என்பதைப் பற்றியும் எழுதுவார் மிகச் சிலரே. சங்க விடுதியின் முதலாண்டுச் சேர்க்கைப் பதிவேட்டை அண்மையில் புரட்டினோம். பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில் ‘விவசாயக் கூலி’ என்பதற்கு அடுத்து மிகுதியாகக் காணப்பட்ட சொல் ‘கல்லுடைத்தல்’ என்பதே. ஆதலின் அதனையே பொருளாகக் கொண்டோம்.

நம் மாவட்டம் பாறையால் புகழ் பெற்றது. குடுமியான்மலை, நார்த்தாமலை, மலையடிப்பட்டி, குன்னாண்டார்கோயில், திருமயம் ஆகிய ஊர்களில் மலையைக் குடைந்த கோயில்கள் உள்ளன. கட்டுவித்தோர் பெயர்கள் கல்வெட்டுகளில் நிலைத்துள்ளன. பாறையில் துளையிட்டு, ஆப்படித்துப் பிளந்து, சுமந்தோர் பெயர்களை அங்குத் தேடுதல் வீண் வேலை. ஆயினும் நார்த்தாமலைச் சரிவில் ஆப்படித்த துளைகளின் வரிசையைக் காணும்பொழுதெல்லாம், அதுவும் ஒரு கல்வெட்டே என நம் மாணவர்களுக்குச் சொல்லுவது வழக்கம்.

உழுவதற்கு ஆகாத நிலத்தை வருவாய்த் துறையினர் ‘கல்லாங்குத்து’ என்றும் ‘பாறைப் புறம்போக்கு’ என்றும் கணக்கில் எழுதினர். அது அரசின் நிலம். நன்செயும் புன்செயும் பிறர் வசம் இருந்தமையால், நம் குடிசைகள் பெரும்பாலும் அத்தகைய புறம்போக்கின் ஓரத்திலேயே எழுந்தன. சென்னை மாகாணத்தில் 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி, தாழ்த்தப்பட்டோருக்கென நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பிறருக்கு விற்கலாகாது என நிபந்தனையும் விதிக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என நாம் அறிவது அதுவே. புதுக்கோட்டை அக்காலத்தில் தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாளன்றே இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. ஆகவே அவ்வாணை நம்மை வந்தடையவில்லை. அது வந்தடைந்த மாவட்டங்களிலும் மண்ணுக்குத்தான் நிபந்தனை இருந்தது, கல்லுக்கு இல்லை.

இனி விதிகளைக் காண்போம். நாடாளுமன்றம் 1957ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தை இயற்றியது. உரிமமோ குத்தகையோ இன்றி எவரும் கனிமம் தேடலாகாது, எடுத்தலும் ஆகாது என்பது அதன் அடிப்படை. இரும்பு, நிலக்கரி போன்றவை பெருங்கனிமங்கள். கட்டடக்கல், சரளை, சாதாரண மணல், சாதாரண களிமண் ஆகியவை சிறு கனிமங்கள். சிறு கனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு மாநில அரசிடம் ஒப்படைத்தது. அதன்படி எழுந்ததே 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். நம் வீட்டு வாசலில் உள்ள பாறையின் தலையெழுத்து இவ்விதிகளில்தான் அடங்கியுள்ளது. ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளாக இருந்தும், இவ்விதிகள் எப்பாடநூலிலும் இடம்பெறக் கண்டோமில்லை.

அரசு நிலத்துப் பாறையைத் தனியாருக்கு விடும் வழி ஏலம் என்பதே நெடுங்காலம் நிலைத்த முறை. மிகுதியாகக் கேட்பவருக்குக் குத்தகை. எடுக்கும் கல்லுக்கு அரசுக்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டும். லாரி வெளியேற நடைச்சீட்டு வேண்டும். பார்வைக்கு இது நேர்மையான முறையே. எவரும் ஏலம் கேட்கலாம். சாதி பற்றி ஒரு சொல்லும் விதியில் இல்லை. ஆயின் முன்வைப்புத் தொகை உள்ளவனே ஏலத்தில் கலந்துகொள்ள இயலும். கல்லுடைக்கத் தெரிந்தவனிடம் பணம் இல்லை. பணம் உள்ளவன் சம்மட்டியைத் தொட்டதில்லை. இவ்விருவருக்கும் இடையில் விளைந்ததே முன்பணம் என்னும் கொடுமை.

திருமணத்திற்கோ நோய்க்கோ குத்தகைதாரர் சில நூறு ரூபாய் முன்பணம் தருவார். அதனைப் பெற்ற குடும்பம் வேறு பாறைக்குப் போகலாகாது. சம்மட்டி, உளி, வெடிமருந்து ஆகியவற்றின் விலை கூலியில் கழிக்கப்படும். சல்லியை அளக்கும் பெட்டி அவருடையது. கணக்கு நோட்டும் அவருடையது. நம் அன்னையார் பதினொரு ஆண்டுகள் ஒரு பாறையில் வேலை செய்தார். கடன் எவ்வளவு எனக் கேட்டால், “அது ஐயாவுக்குத்தான் தெரியும்” என்பார். ஐயா என்றது குத்தகைதாரரை.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் பிறந்தது. 1976இல் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அரியானா மாநிலம் பரிதாபாத்துக் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வழங்கியது. கட்டாயத்தின் பேரில் உழைப்பு பெறப்படுமாயின், அது முன்பணத்திற்கு ஈடாகப் பெறப்படுவதாகவே கொள்ள வேண்டும். இல்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலை வாங்குவோருடையது என்பது அத்தீர்ப்பின் சாரம். கணக்கு நோட்டைக் கண்ணாலும் காணாத நம் அன்னையார் போன்றோருக்கு இதனினும் பெரிய நீதி வேறு யாது? ஆனால் தீர்ப்பு வெளியான செய்தி நம் ஊர்ப் பாறைக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே மற்றொரு விதி மாற்றமும் நிகழ்ந்தது. தமிழக அரசு 1977 டிசம்பரில் 8-சி என்னும் விதியைச் சேர்த்தது. ஏற்றுமதிக்குரிய கருப்புக் கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகை விடுதல் இனி இல்லை. அரசோ அரசு நிறுவனமோ மட்டுமே எடுக்கலாம் என்பது அவ்விதி. 1978இல் தமிழ்நாடு கனிம நிறுவனம், அதாவது ‘டாமின்’, தோன்றியது. தனியார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் அவ்விதி செல்லும் எனத் தீர்த்தது. நம் மாவட்டத்தில் உடைபடுவது பெரும்பாலும் சாலைக்கும் கட்டடத்திற்கும் உதவும் சாதாரணக் கருங்கல்லாதலின், இது நம்மை மிகுதியாகத் தொடவில்லை. எனினும் ஒன்று தெளிவாயிற்று. ஏலம் என்பது இயற்கை நியதி அன்று. பொதுநலம் வேண்டுமெனில், எவருக்குக் குத்தகை, எவருக்கு இல்லை என்று அரசு வரையறுக்கலாம்; நீதிமன்றமும் அதனை ஏற்கும். பளபளக்கும் கல்லுக்குச் செய்த காரியத்தைச் சல்லிக்கல்லுக்கும் செய்திருக்கலாம் அன்றோ?

அது ஒருமுறை செய்யப்பட்டது. நம் மாவட்டத்திலேயே செய்யப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் திருமதி ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தார். 1991இல் அறிவொளி இயக்கம் ஊர்தோறும் பரவியது. பெண்கள் எழுத்தறிந்ததையும், சைக்கிள் ஓட்டப் பழகியதையும் நாடறியும். குவாரிகளைப் பற்றி அத்துணைப் பேர் அறியார். கல்லுடைக்கும் பெண்களைக் குழுக்களாக்கி, ஏலத்தில் விடாமல், அவர்களுக்கே அரசுப் பாறைகள் குத்தகையாக அளிக்கப்பட்டன. அக்குழுக்களில் ஆதிதிராவிடப் பெண்கள் மிகுதி. நேற்றுவரை கொத்தடிமைகளாக இருந்தோரும் பலர்.

அப்பொழுது நாம் கல்லூரி மாணவர். அறிவொளியில் தொண்டராகவும் இருந்தோம். அன்னையாரின் குழு பெற்ற குத்தகைப் பத்திரத்தை வேப்பமரத்தடியில் உரக்கப் படித்துக் காட்டும் வேலை நம்மிடம் வந்தது. நிபந்தனைகள் கடுந்தமிழில் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் பெண்கள் கேள்வி எழுப்பினர். “நடைச்சீட்டை யார் எழுதுவது?” என ஒருவர் கேட்டார். “நீங்கள்தான்” என்றோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு மூதாட்டி, “அப்படியானால் சீக்கிரம் சொல்லிக்கொடு தம்பி” என்றார். எழுத்துக் கற்பிக்க நாம் அதுவரை பட்ட பாடெல்லாம் ஒருபுறமிருக்க, அந்த ஒரு வாரத்தில் அவர்கள் கற்றது மிகுதி. லோடு எண், தேதி, லாரி எண் ஆகியவற்றை எழுதப் பழகினர். கூட்டல் கழித்தல் தானே வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. முன்னைய குத்தகைதாரர்களுக்கு வேண்டிய லாரிகள் நம் பாறைக்கு வர மறுத்தன. தமர் அடித்து வெடி வைக்க உரிமம் பெற்ற ஆள் கிடைக்கவில்லை. விலையைக் குறைத்துக் கேட்டனர். ஆண்கள் சிலரே கணக்கைத் தம் கைக்கு மாற்ற முயன்றதையும் மறைத்தல் நேர்மையன்று. இவற்றையெல்லாம் தாண்டிக் குழு நடந்தது. முன்பணம் கேட்டு எவர் வாசலிலும் நில்லாத முதல் பொங்கலை நம் வீட்டில் அவ்வாண்டுதான் கண்டோம். நாம் பி.எட். பயிலக் கட்டணம் செலுத்தியது அப்பாறைப் பணமே.

குத்தகை என்பது காலவரையறை உடையது. காலம் முடிந்தது, ஆட்சியரும் மாறிச் சென்றிருந்தார். புதுப்பிக்க வேண்டி ஓர் அலுவலகத்திற்கு ஒன்பது முறை நடந்தோம். கோப்பு மேலே உள்ளது என்றனர். பின்னர் கீழே உள்ளது என்றனர். முடிவில் ஏல அறிவிப்பு வந்தது. எவர்மீதும் பழி சுமத்த இதனை எழுதவில்லை. பெண்களுக்கு அளிக்கப்பட்டது ஒரு நல்ல அதிகாரியின் முடிவு. அவர்கள் உரிமையெனக் கோரத்தக்க நிலையான விதியாக அது வளரவில்லை. நம் ஊர் வரலாறு கற்பித்தது அதுவே.

பிற இடங்களை நோக்குவோம். அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டரசின் பொது நிலத்தில் மதிப்புள்ள கனிமத்தைக் கண்டறியும் குடிமகன் அவ்விடத்தில் அடையாளமிட்டு உரிமை கோரலாம். பாறைப் படிவமாயின் 1,500 அடி நீளம், 600 அடி அகலம் வரை கோரலாம். கண்டவனுக்கே உரிமை என்பது கேட்க இனிமையாக உள்ளது. ஆனால் அந்நிலத்தில் முன்பிருந்த செவ்விந்தியரைக் ‘கண்டவர்’ என அச்சட்டம் கருதவில்லை. நம் நாட்டில் ஆந்திர மாநிலத்துச் ‘சமதா’ வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேறு வகையினது. அட்டவணைப் பகுதியில் உள்ள அரசு நிலத்தைப் பழங்குடி அல்லாதாருக்குச் சுரங்கக் குத்தகைக்கு விடலாகாது. பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அளிக்கலாம் என்றது. ஐந்தாம் அட்டவணை என்னும் அரசியலமைப்பு வேலி அங்குள்ள மக்களுக்கு உண்டு. புதுக்கோட்டைக் கல்லுடைப்போருக்கு அத்தகைய வேலி இல்லை.

வேலி இல்லாமை எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு விதிகளிலேயே ஒரு சான்று உண்டு. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை அளிக்கலாகாது என 36ஆம் விதி கூறுகிறது. நல்ல விதி. ஆனால் குடியிருப்பு என்பது யாது? வருவாய்ப் பதிவேட்டில் ஊர் நத்தமாகவோ வீட்டு மனையாகவோ குறிக்கப்பட்டது, அல்லது உரிய ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு என விளக்கம் தரப்பட்டுள்ளது. புறம்போக்கில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தும் பட்டா பெறாத தெருவை இவ்விளக்கத்தில் பொருத்திப் பாருங்கள். அடுப்பு எரிகிறது, குழந்தை அழுகிறது, வெடி அதிர்ந்து சுவர் பிளக்கிறது, ஆயினும் பதிவேட்டின்படி அங்கு எவரும் குடியிருக்கவில்லை! வீட்டுமனைப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கும் நம் மக்கள், கடன் பெறுவதற்கே அது பயன்படும் எனக் கருதுகின்றனர். பாறை வெடியிலிருந்து வீட்டைக் காக்கும் காகிதமும் அதுவே என்பதை இளைஞர்கள் ஊர்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும்.

சூழலியல் சார்ந்த விதிகளும் பின்னர் வந்தன. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என ஆணையிட்டது. வரம்பின்றித் தோண்டப்பட்ட குழிகளைக் கண்ட எவரும் இதனைத் தவறென்னார். நம் ஊர்ப் பாறை இருந்த இடத்தில் இன்று நீர் நிறைந்த பள்ளம் உள்ளது. ஆடு விழுந்தால் எடுக்க வழியில்லை. ஆயினும் சுரங்கத் திட்டம், வல்லுநர் அறிக்கை, அனுமதிக் கட்டணம் எனச் செலவு பெருகியபின், பதினைந்து பெண்கள் சேர்ந்த குழு தன் கைப்பொருளால் குத்தகைக்குள் நுழைதல் அரிதாயிற்று. சிறியோரைத் தடுத்த விதி பெரியோரின் அத்துமீறலைத் தடுத்ததா எனில், 2025 சனவரியை நினைவுகூர்தல் வேண்டும். திருமயம் பகுதியில் சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து புகார் அளித்துவந்த ஒருவர் வாகனம் மோதி மாண்டார். அது கொலை வழக்காகப் பதியப்பட்டது.

நம் கோரிக்கை பெரிதன்று. அரசு நிலத்துச் சாதாரணக் கற்குவாரிகளில் ஒரு பகுதியை, அப்பாறையில் உழைப்போரின் சங்கங்களுக்கென விதியிலேயே ஒதுக்க வேண்டும். அனுமதிக்கான செலவை அரசு ஏற்க வேண்டும். காலம் முடிந்தால் புதுப்பித்தலில் அவர்களுக்கே முதலிடம் தர வேண்டும். இதனை வற்புறுத்தச் சான்றுகள் தேவை. 1990களில் குத்தகை பெற்ற குழுக்களின் பத்திரங்கள், நடைச்சீட்டு அடிக்கட்டைகள், வரவு செலவு நோட்டுகள் ஆகியவை நம் மக்களின் தகரப்பெட்டிகளில் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைக் கரையானுக்கு விடாமல் சங்க நூலகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டுகிறோம். படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தர ஏற்பாடு உண்டு. அன்னையார் குழுவின் பத்திரத்தையும், பென்சிலால் எழுதிய இரண்டு நோட்டுகளையும் நாம் முன்னரே ஒப்படைத்துவிட்டோம்.