தீர்ப்புக்குப் பின் வரும் பஞ்சம்: எபிரேய வேதமும் சிலப்பதிகாரமும்

தெய்வம் தீர்ப்புச் சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துபோகுமா? குற்றம் செய்தவன் தண்டனை வாங்கிக்கொண்டான், கணக்கு நேராகிவிட்டது என்று எழுந்துபோய்விட முடியுமா? அல்லது அந்தத் தீர்ப்பு அவன் பிள்ளையை, அவன் ஊரை, அவன் நாட்டைத் துரத்திக்கொண்டே வருமா? யூதர்களின் எபிரேய வேதமும் (கிறிஸ்தவ அன்பர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லுவது) நம்ம சிலப்பதிகாரமும் ஒன்றை ஒன்று அறியாமலே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நாம் வாழும் இந்தக் கன்னட நாட்டிலும் அதே கேள்விக்கு ஒரு பழங்கதை உண்டு. மூன்றையும் சுருக்கமாக நோக்குவோம்.

தாவீதின் வீடு

தாவீது இஸ்ரவேலின் பெரிய அரசன். அவன் தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளைக் கவர்ந்துகொண்டு, உரியாவைப் போர்முனையில் மும்முரமான இடத்தில் நிறுத்திச் சாகவிட்டான். நாத்தான் என்ற தீர்க்கதரிசி அவனிடம் வந்து, பணக்காரன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். அரசன் கோபப்பட்டு, அப்படிச் செய்தவன் சாக வேண்டும் என்றான். அந்த ஆள் நீதான் என்றார் நாத்தான்.

தாவீது உடனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவன் உயிருக்கு மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் வாள் அவன் வீட்டைவிட்டுப் போகாது என்ற தீர்ப்பு மாறவில்லை. பத்சேபாள் பெற்ற குழந்தை நோயுற்று ஏழாம் நாள் இறந்தது. மகன் அம்னோன் தன் மாற்றாந்தாய் மகளான தாமாரைக் கெடுத்தான். தாமாரின் உடன்பிறந்த அப்சலோம் இரண்டு வருஷம் காத்திருந்து அம்னோனைக் கொன்றான். பிறகு அப்பனுக்கு எதிராகவே படை திரட்டினான். கடைசியில் தலை மரத்தில் சிக்கித் தொங்கியபோது யோவாபின் கையால் செத்தான். தகப்பனுக்கு மன்னிப்பு, பிள்ளைகளுக்குச் சாவு. இதுதான் அந்தக் கதையின் கடுமை.

மதுரைத் தீ

பாண்டியன் நெடுஞ்செழியன் கதை நமக்குத் தெரிந்ததே. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. தாவீதைப் போலவே இவனும் தவறை மறுக்கவில்லை. தாவீது பிழைத்திருந்தான், பாண்டியனோ அந்த இடத்திலேயே உயிர்விட்டான். கோப்பெருந்தேவியும் உடன் மாண்டாள்.

அதன்பிறகு மதுரை எரிந்தது. ஆனால் கண்ணகி தீக்கடவுளுக்கு ஒரு வரையறை கொடுத்தாள் என்பதைக் கவனியுங்கள். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களைத் தொடாதே, தீயவர் பக்கமே போ என்றாள். எபிரேய வேதத்தில் சோதோம் நகரம் அழிவதற்கு முன் ஆபிரகாம் கடவுளிடமே வாதாடுகிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவாயா என்று ஆரம்பித்து, பேரம் பேசுவது மாதிரி, பத்து பேர் வரைக்கும் குறைத்துக்கொண்டு வருகிறார். கெட்டவனோடு நல்லவனும் சேர்ந்து அழியக் கூடாது என்ற கவலை இரண்டு நூல்களிலும் இருக்கிறது.

ஆனால் தீயோடு கதை முடியவில்லை. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, அன்றுமுதல் பாண்டிநாடு மழை பொய்த்து, வறுமையும் வெப்பு நோயும் கொப்புளமும் பரவியது என்கிறது. தீ நல்லவன் கெட்டவன் பார்த்தது, பஞ்சம் பார்க்கவில்லை. தீ விட்டுவைத்த குழந்தைகளும் கிழவர்களும் பஞ்சத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு பலிகள்

அப்போது கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டு விழா எடுத்தான், மழை பெய்தது என்கிறது அந்நூல்.

இப்போது எபிரேய வேதத்துக்கு வருவோம். தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம். காரணம் கேட்டபோது, முந்தைய அரசன் சவுல் கிபியோனியரைக் கொன்ற பழி என்று விடை வந்தது. அவர்களைக் காப்பதாக யோசுவா காலத்தில் கொடுத்த சத்தியத்தைச் சவுல் மீறியிருந்தான். சவுல் ஏற்கெனவே இறந்துவிட்டான். அதனால் அவன் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கேட்டார்கள் கிபியோனியர். தாவீது கொடுத்தான். வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நாளில் ஏழு பேரும் மலைமேல் தூக்கிலிடப்பட்டார்கள்.

பஞ்சம், விசாரணை, பலி, மழை. இரண்டு கதைக்கும் ஒரே சட்டகம். இரண்டிலும் பலியானவர்கள் குற்றம் செய்தவர்கள் இல்லை. சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். செத்தது அதே தொழில் செய்த ஆயிரம் பேர்.

ஆனால் எபிரேயக் கதை அங்கே நிற்கவில்லை. தூக்கிலிடப்பட்டவர்களில் இருவர் ரிஸ்பாள் என்ற பெண்ணின் பிள்ளைகள். அவள் ஒரு கோணித்துணியைப் பாறையில் விரித்து உட்கார்ந்தாள். பகலில் பறவையும் இரவில் மிருகமும் அந்த உடல்களை அண்டாமல், வானத்திலிருந்து தண்ணீர் விழும்வரை காவல் இருந்தாள். அந்த நாட்டில் கோடை முழுக்க மழை கிடையாது, ஐப்பசி வாக்கில்தான் வரும். அப்படியானால் அவள் இருந்தது மாதக்கணக்கு. இதைக் கேட்ட தாவீது மனம் இளகி, சவுல், யோனத்தான் இவர்களுடைய எலும்புகளையும் தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து முறையாக அடக்கம் செய்தான். அதற்குப் பிறகே நாட்டுக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்று அந்நூல் எழுதுகிறது. தூக்கிலிட்ட உடனே என்று எழுதவில்லை. தெய்வத்தின் மனம் இரங்கியது ஏழு சாவுக்கா, ஒரு தாயின் காவலுக்கா? படிக்கிறவன் யோசிக்க வேண்டிய இடம் இது.

கொற்கையில் அந்த ஆயிரம் வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று சிலம்பு சொல்லவில்லை. ஆனால் கண்ணகி வழிபாடு பின்னாளில் வேறு வழியில் போயிற்று. இலங்கை வேந்தன் கயவாகு அவளுக்குக் கோயில் எடுத்தான் என்கிறது நூல். இன்றும் சிங்களவர் பத்தினித் தெய்வம் என்றும், மட்டக்களப்புத் தமிழர் கண்ணகி அம்மன் என்றும் கும்பிடுகிறார்கள். மட்டக்களப்பில் வைகாசியில் நடக்கும் சடங்குக்குப் பெயரே குளிர்த்தி. எரித்தவளைக் குளிர வைக்கிறார்கள். பலி போய்த் தண்ணீர் வந்தது.

தலக்காட்டு மணல்

மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் தலக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். சமணத்தை ஆதரித்த கங்கர்களின் தலைநகரம் அது. பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோழர் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். 1116 வாக்கில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் மீட்டான். இன்று அங்கே கோயில்கள் மணலுக்குள் இருக்கின்றன.

1610 இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். அங்கிருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மாளின் நகைகளுக்காக ஆள் அனுப்பியபோது, அவள் தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துக் காவிரியில் குதித்தாள் என்பது கதை. மைசூர் அரச குடும்பத்தில் பலமுறை தத்து எடுக்க நேர்ந்ததால் மக்கள் அதை மறக்கவே இல்லை. 2017 இல் அக்குடும்பத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தபோதுகூட நானூறு வருஷத்துச் சாபம் தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

மணலுக்கு ஆய்வாளர்கள் வேறு காரணம் சொல்லுகிறார்கள். விஜயநகரக் காலத்தில் ஆற்றின் குறுக்கே மாதவ மந்திரி அணை கட்டப்பட்டது. நீர் குறைந்து ஆற்றுப்படுகை வெளியே தெரிந்தது, காற்று மணலை அள்ளி ஊர்மேல் போட்டது என்பது அவர்கள் விளக்கம். அதுவும் ஒருவகைத் தொடர்ச்சிதான். ஒரு தலைமுறை கட்டியதன் பலனை அடுத்த தலைமுறைகள் அனுபவிக்கின்றன. ஆனால் அதில் பழி இல்லை, விளைவு மட்டுமே உண்டு.

கடன் வேறு, பழி வேறு

எபிரேய வேதமே இந்த வேறுபாட்டுக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. பத்துக் கட்டளைகளில், பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்று வருகிறது. ஆனால் உபாகமத்தில், தகப்பனுக்காகப் பிள்ளையைக் கொல்லக் கூடாது என்று மனிதர்களின் நீதிமன்றத்துக்குச் சட்டம் போட்டார்கள். பின்பு கி.மு. ஆறாம் நூற்றாண்டில் யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் அவர்கள். தகப்பன் புளிப்பான திராட்சையைத் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று பழமொழி சொல்லிப் புலம்பினார்கள். அவர்களோடு இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி, இனி அந்தப் பழமொழி வேண்டாம் என்றார். பாவம் செய்தவன்தான் அதைச் சுமப்பான், மகன் தகப்பனுடையதைச் சுமக்க மாட்டான், தகப்பனும் மகனுடையதைச் சுமக்க மாட்டான் என்பது அவர் தீர்ப்பு. திருந்தினவன் பிழைப்பான் என்றும் சொன்னார்.

எங்கள் சமண நெறி சொல்லுவதும் ஏறக்குறைய இதுதான். தண்டிக்கிற கடவுள் அதில் இல்லை, வினை மட்டும் உண்டு. அது செய்தவன் உயிரையே ஒட்டும், அவன் பிள்ளையின் உயிரை ஒட்டாது. இளங்கோவடிகள் கோவலன் சாவுக்குக் காட்டும் காரணமும் அப்படியே. முற்பிறப்பில் அவன் சிங்கபுரத்துப் பரதனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சொல்லிக் கொல்லச் செய்தான். அவன் வினை அவனுக்கே வந்தது. ஒட்டிய வினை உதிரவும் செய்யும், அதற்கு உதிர்ப்பு என்றே பெயர். கவுந்தியடிகள் தம்முடன் வந்தவர்களை ஏளனம் செய்த இருவரை நரியாகச் சபித்தபோது, கோவலனும் கண்ணகியும் அவர்களுக்காகக் கெஞ்சினார்கள். சாபம் பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது. இழிவு பட்டவர்களே பரிந்து பேசினார்கள் பாருங்கள்.

கடை வைத்திருக்கிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். அப்பா கடையை எடுத்துக்கொண்டால் அப்பா கடனையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அது நியாயம். ஆனால் மகன், பேரன், கொள்ளுப்பேரன் கடனைக் கட்டுவது புண்ணியக் கடமை என்ற பழைய இந்து சட்டக் கொள்கையை, 2005 ஆம் வருஷத்து வாரிசுரிமைத் திருத்தம் புதுக்கடன்களுக்கு இல்லையென்று ஆக்கிவிட்டது. எங்கள் சமணர்களுக்கும் அச்சட்டம் பொருந்தும். மூன்று தலைமுறைக் கணக்கு அங்கேயும் மூடப்பட்டது.

சட்டம் மூடினாலும் மனசு மூடுவதில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்தபோது இந்த ஊரில் என்ன நடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆணை போட்டது தீர்ப்பாயம், வழக்காடியது அரசுகள், அடிபட்டது குடிசையில் இருந்த கூலித் தமிழன். பதிலுக்குத் தமிழ்நாட்டில் கன்னடம் பேசினவர்கள் மேல் கை வைத்தார்கள். 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்ஸும் லாரியும் எரிந்தன. மழை பெய்யாத வருஷத்தில் யாரையாவது பலி கேட்பது கொற்கைக் காலத்துப் பழக்கம். ஒருவன் தவறுக்கு அவன் சாதியை, மொழியை, தொழிலைப் பொறுப்பாக்குவது ஆயிரம் பொற்கொல்லர் கணக்குத்தான்.

நம் வீட்டுக்குள்ளும் இது உண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போனால் முன்னோர் சாபம் என்கிறோம். குழந்தை நோயோடு பிறந்தால் தாத்தா செய்த பாவம் என்கிறோம். அந்தப் பிள்ளை தான் செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்து வளர்கிறது. புலம்பெயர்ந்து வந்த மண்ணில் எசேக்கியேல் தன் மக்களுக்குச் சொன்னதை நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். முன்னோர் விட்டுப்போன விளைவுகளை நாம் சரிசெய்வோம், அது வாரிசின் கடமை. அவர்கள் பழியை நீ சுமக்க வேண்டாம். தீர்ப்பின் தொடர்ச்சியை நிறுத்துவதற்கு இன்னொரு பலி தேவையில்லை. கோணித்துணியை விரித்துக் காவல் இருந்த ரிஸ்பாளின் பொறுமையும், சபிக்கப்பட்டவருக்காக வாய் திறந்த கண்ணகியின் இரக்கமும் போதும்.